மீன் தொட்டியில் கல்லை எடுத்துவிட்டு மணல் போடுவது: மலையில் இருப்பவர்களுக்கு

கோத்தகிரியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மூன்று அடி தொட்டி, மூன்று வருடமாக ஓடுகிறது, அடியில் நீலமும் வெள்ளையும் கலந்த வண்ணக்கல். உள்ளே ஒரு கூட்டம் மோலி, ஆறு கோரி (தரையில் மேய்கிற மீசை மீன்), கொஞ்சம் ஜீப்ரா டேனியோ. கோரிகளின் மீசை தேய்ந்துகொண்டே போகிறது, அதனால் கல்லை எடுத்துவிட்டு மணல் போட வேண்டும். மீனை வெளியே எடுக்காமல் செய்ய முடியுமா, நல்ல பாக்டீரியா எல்லாம் போய்விடுமா, எந்த மணல், எவ்வளவு வாங்குவது, தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் முடித்துவிடலாமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைக்காரரோ எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிக் கழுவிப் புதுசாகப் போட்டு, மேலே ஒரு பாட்டில் பாக்டீரியா ஊற்றிவிடச் சொன்னாராம்.

தாராளமாகச் செய்யலாம் தம்பி, மீனை எடுக்காமலேயே செய்யலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம், தீபாவளிக்குள் வேண்டவே வேண்டாம். வீடியோக்களில் காலையில் கல்லை அள்ளி மதியம் மணல் கொட்டி சாயங்காலம் மீனுக்குத் தீனி போடுகிறார்களே, அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, அவர்கள் தொட்டியில் ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கும். கீழே கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஹீட்டரே இல்லாமல் 28 டிகிரியில் நிற்கிற தண்ணீர் அது. நம் தண்ணீர் வேறு. குளிர்ச்சி, உப்புச்சத்து குறைவு, அதோடு உயரம். இந்த மூன்றும் கல்லை மாற்றுகிற வேலையில் மூன்று விதமாகக் குறுக்கே வரும், அதனால்தான் கீழே இருப்பவர்கள் சொல்கிற நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

முதலில் பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து வருகிற விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை, எதன் மேலாவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஃபில்டர் ஸ்பாஞ்சில், கல்லில், கண்ணாடியில், மரக்கட்டையில், இலையில் எல்லாம் இருக்கும். தண்ணீரும் ஆக்ஸிஜனும் ஓடிக்கொண்டே இருக்கிற இடம் அதற்குப் பிடிக்கும் என்பதால் நல்ல ஃபில்டர் உள்ள தொட்டியில் பெரும்பங்கு ஃபில்டரிலேயே இருக்கும், கல்லில் இருப்பது மேல் அடுக்கில்தான். அதனால் கல்லை எடுத்தால் எல்லாம் போய்விடும் என்பது உண்மையில்லை. ஒரு பங்கு போகும், மிச்சம் உள்ளது பெருகி அந்த இடத்தை நிரப்பும். எவ்வளவு நாளில் நிரப்பும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 28 டிகிரியில் ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிற பற்றாக்குறை 20 டிகிரியில் இரண்டு வாரமும் அதற்கு மேலும் இழுக்கும், ஏனென்றால் இந்த வகை பாக்டீரியா சூட்டிலேயே மெதுவாகப் பெருகுகிற சாதி, குளிரில் கேட்கவே வேண்டாம். ஹீட்டரை எத்தனையில் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து நம் ஊரில் பாதிப்பேர் 22லேயே நிறுத்திவிடுகிறோம், மோலிக்கு அது போதாது என்பது தனிக் கதை. இந்த வேலை முடிகிற வரையிலாவது 25, 26ல் வையுங்கள்.

இங்கே ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள். கல்லுக்கு அடியில் துளைத் துளையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதிலிருந்து மூலையில் ஒரு குழாய் மேலே வந்து அதில் காற்றுக் குமிழி வருகிறதா? அப்படியானால் உங்கள் ஃபில்டரே அந்தக் கல்தான். பழைய தொட்டிகளில் இன்னமும் இது நிறைய இருக்கிறது. அந்தத் தட்டின் மேல் மணல் போட்டால் துளை வழியாக இறங்கி அடைத்துக்கொள்ளும், கல்லை எடுத்தால் ஃபில்டரே போன மாதிரி. இந்த அமைப்பாக இருந்தால் இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி இப்போதே தொட்டிக்குள் போட்டு, ஒன்றரை இரண்டு மாதம் கல்லோடு சேர்ந்து ஓடவிட்டு, அப்புறம் கல்லில் கை வையுங்கள்.

அடுத்தது அந்த வெள்ளைக் கல். நீங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கேள்வியிலேயே எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். கடைகளில் வண்ணக்கல்லோடு கலந்து விற்கிற வெள்ளைக் கல் பல நேரம் மார்பிள் சில்லு, அதாவது சுண்ணாம்புக் கல். நம் மலைத் தண்ணீர் பாறையிலும் செம்மண்ணிலும் வடிந்து வருவது, அதில் கால்சியம் கார்பனேட் ரொம்பக் குறைவு. டீ போட நல்ல தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு பிடிக்காது, சோப்பு நுரைத்துக் கொட்டும். மீன் தொட்டியில் இதற்கு ஒரு விளைவு உண்டு. அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகும், அந்த அமிலத்தைத் தண்ணீரில் உள்ள கார்பனேட்தான் உறிஞ்சிச் சமாளிக்கும். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராமுக்கு ஏழு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் அளவுக்கு அது செலவாகிறது. கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஊற்றுகிற கீழ் ஊர்க்காரர்களுக்கு இந்தச் செலவு உறைக்கவே உறைக்காது. நமக்கு கையிருப்பே கொஞ்சம்தான், அது தீர்ந்ததும் பிஹெச் (தண்ணீரில் அமிலம் கூடக் கூட இறங்குகிற அளவு) மடமடவென்று இறங்கும். பிஹெச் 6க்குப் பக்கத்தில் போனால் அந்த பாக்டீரியா கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும்.

மூன்று வருடமாக உங்கள் தொட்டியில் மோலி உயிரோடு இருக்கிறது, குட்டி வேறு போட்டுக்கொண்டிருக்கும். மோலி கடினத் தண்ணீர், அதாவது சுண்ணாம்புச் சத்து கூடிய தண்ணீர் மீன், நம் குழாய்த் தண்ணீரில் வெறுமனே விட்டால் கொஞ்ச நாளில் ஒரே இடத்தில் நின்று உடம்பை மட்டும் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருக்கும், துடுப்பு ஒட்டிப்போகும். உங்களுக்கு அது நடக்கவில்லை என்றால் அந்த வெள்ளைக் கல்தான் சத்தம் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இப்போது நீங்கள் அதை மொத்தமாக அள்ளிவிட்டு, எதிலும் கரையாத சிலிக்கா மணலைப் போட்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு வாரம் எல்லாம் பளிச்சென்று இருக்கும், மூன்றாவது நான்காவது வாரம் மோலி ஆட ஆரம்பிக்கும், நீங்கள் மணல்தான் சரியில்லை என்று மணலைத் திட்டுவீர்கள்.

சோதித்துப் பார்க்க வீட்டு வினிகர் போதும். நீலக் கல்லில் நாலு, வெள்ளையில் நாலு எடுத்து, கழுவித் துடைத்து, வெள்ளைக் கல்லில் ஒன்றிரண்டை உடைத்து, டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். மார்பிளாக இருந்தால் உடைந்த முகத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் கோர்த்துக்கொண்டு ஒன்றொன்றாக மேலே வரும், டம்ளரைக் காதருகே பிடித்தால் லேசாகப் பொரிகிற சத்தம்கூடக் கேட்கும். சோடா மாதிரி பொங்க வேண்டும் என்று எதிர்பார்த்து, பொங்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள், வினிகர் வீரியம் குறைந்த அமிலம், ஐந்து பத்து நிமிடம் பாருங்கள். குழாய்த் தண்ணீரின் பிஹெச்சையும் தொட்டித் தண்ணீரின் பிஹெச்சையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள், குழாய்த் தண்ணீரை மட்டும் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த பிறகு. தொட்டியில் கூடுதலாக இருந்தால் கல் கரைகிறது என்று அர்த்தம்.

அப்படி இருந்தால் வெள்ளைக் கல்லை மட்டும் பொறுக்கி இரண்டு மூன்று கைப்பிடி ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்துவிடுங்கள், அல்லது கடையில் கிடைக்கிற உடைத்த பவளக்கல்லை அதேபோல் வையுங்கள். பிஹெச் இறங்கிவிட்டது என்று பதறி சமையல் சோடாவைக் கரண்டி கரண்டியாகக் கொட்ட வேண்டாம். பிஹெச் குறைவான தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், அது மீனை அவ்வளவாகப் பாதிக்காது. பாக்டீரியா படுத்துவிட்டதால் அது சேர்ந்துகொண்டே போயிருக்கும், நீங்கள் திடீரென்று பிஹெச்சை ஏற்றினால் அத்தனையில் ஒரு பங்கு ஒரே மணி நேரத்தில் விஷமாக மாறி நிற்கும். ஏற்றுவதாக இருந்தால் மெதுவாக, நாள் கணக்கில் ஏற்ற வேண்டும். கோரிக்கு மென்மையான தண்ணீர் பிடிக்கும், மோலிக்குக் கடினம் பிடிக்கும், இரண்டையும் ஒரே தொட்டியில் வைத்தால் நடுவாந்திரமாகத்தான் ஓட்ட முடியும். காலப்போக்கில் மோலியைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் என்பது என் யோசனை, அது உங்கள் விருப்பம்.

மூன்றாவது, காற்று. உயரம் போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, 6,000 அடியில் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரில் கரைகிற ஆக்ஸிஜனும் அதே அளவுக்குக் குறையும். குளிர்ந்த தண்ணீர் ஆக்ஸிஜனை அதிகம் பிடித்து வைக்கும் என்பதால் ஓடைகளில் இது ஈடுகட்டிப் போய்விடுகிறது, அதனால்தான் அவலாஞ்சி பக்கம் ட்ரௌட் எல்லாம் சௌகரியமாக வாழ்கிறது. ஆனால் ஹீட்டர் போட்டு 26 டிகிரிக்கு ஏற்றிய தொட்டியில் அந்தச் சலுகை கிடையாது. கணக்குப் போட்டால் கோத்தகிரியில் 26 டிகிரி தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு ஆறரை மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் பிடிக்கும், சென்னையில் 30 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கிற தொட்டியிலேயே ஏழரை பிடிக்கும். சாதாரண நாளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கல்லைக் கிளறும்போது அடியில் மூன்று வருடமாக மக்கிக் கிடக்கிற தீனியும் கழிவும் தண்ணீரில் கலந்து, மக்குவதற்கான ஆக்ஸிஜனை இருக்கிற கொஞ்சத்திலிருந்து இழுக்கும், அந்த நாளில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து நிற்கும். அதனால் கல் எடுக்கிற நாளும் மறுநாளும் ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓடட்டும். சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரவில் அணைக்கிற வழக்கம் இருந்தால் அந்த இரண்டு ராத்திரிக்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு பக்கம் கல்லை எடுத்து அங்கே மணல் போட்டு, அப்புறம் அடுத்த பக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தடுப்பு வைத்தாலும் கல்லும் மணலும் கலந்துவிடும், மணல் கல்லுக்கு இடையில் இறங்கிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கல்லை எடுப்பதைத் தனி வேலையாகவும், மணல் போடுவதைத் தனி வேலையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கொஞ்ச நாள் தொட்டி வெறும் கண்ணாடித் தரையோடு இருக்கட்டும், பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

எடுப்பதற்கு முக்கால் இன்ச் ஹோஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே தெரிகிற மாதிரி கண்ணாடி ஹோஸாக இருந்தால் நல்லது. அரை இன்ச்சில் கல் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். தண்ணீர் மாற்றுகிற நாளில் இந்த ஹோஸால் தொட்டியின் ஒரு ஓரத்தில் இருந்து தண்ணீரோடு சேர்த்துக் கல்லையும் உறிஞ்சி பக்கெட்டில் விழவிடுங்கள். ஹோஸ் வாயைக் கல்லுக்குள் செங்குத்தாக அழுத்தினால் கல் சடசடவென்று ஏறும், அழுக்கும் மேலே கிளம்பாமல் அதோடேயே போய்விடும், கரண்டியால் அள்ளுவதை விட இது நூறு மடங்கு மேல் என்பதற்கு அதுதான் காரணம். ஆனால் தண்ணீர் வேகமாக இறங்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கெட் நிரம்பிவிடும், மறுமுனையைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். உங்கள் தொட்டி தோராயமாக 100 லிட்டர், ஒரு தடவைக்கு 30 லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம், அதற்குள் எவ்வளவு கல் வருகிறதோ அவ்வளவு. கால் பங்கு தரை வெளியே தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். கல் ஹோஸில் ஏறாத அளவுக்குப் பெரிதாக இருந்தால் வேறு வழியில்லை, முதலில் அழுக்கை உறிஞ்சிவிட்டு ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மெதுவாக வழித்து எடுங்கள்.

அடுத்த கால் பங்கை பத்து நாளாவது விட்டு எடுங்கள், இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. நடுவில் இரண்டாம் நாளும் ஐந்தாம் நாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும், தண்ணீரில் மருந்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட்டில் பாருங்கள், இரண்டும் பூஜ்யமாக இருந்தால் மேலே போகலாம், நிறம் மாறினால் காத்திருங்கள். எடுப்பதற்கு முதல் நாளும் மறுநாளும் தீனி போட வேண்டாம், மீன் செத்துப் போகாது. முக்கியமாக, இந்த இரண்டு மாதமும் ஃபில்டரை மொத்தமாகக் கழுவாதீர்கள். ஓட்டம் குறைந்தால் தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்துவிடுங்கள். கல்லையும் எடுத்து ஃபில்டரையும் குளோரின் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மிச்சம் என்ன இருக்கும்?

தண்ணீர் ஊற்றும்போது சூடு. குளிர் காலத்தில் நம் குழாய்த் தண்ணீர் 14 டிகிரி இருக்கும், 26 டிகிரி தொட்டியில் 30 லிட்டர் அதை ஊற்றினால் மொத்தமும் இருபத்திரண்டரைக்கு வந்துவிடும். கோரிக்கு அது மழை வந்த மாதிரி, முட்டைகூடப் போட்டுவிடும், மோலிக்கு வெள்ளைப் புள்ளி நோய் வர அது போதும். கீசர் தண்ணீரைக் கலந்து கையால் பார்க்காமல் தெர்மாமீட்டரால் பாருங்கள், இந்தக் குளிரில் விறைத்த கைக்கு 20 டிகிரியே வெதுவெதுப்பாகத் தெரியும். சில வீடுகளில் இன்னமும் விறகு போடுகிற செப்பு பாய்லர் இருக்கிறது, அந்தத் தண்ணீர் தொட்டிக்கு வேண்டாம். நம் தண்ணீர் மென்மையானது என்பதால் தாமிரத்தைக் கூடுதலாகக் கரைக்கும், நத்தையும் இறாலும் இருந்தால் முதலில் போவது அவைதான். இன்னொன்று, தண்ணீரை இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் ஹீட்டர் கண்ணாடி வெடிக்கும்.

கல் எல்லாம் போய் இரண்டு வாரம் டெஸ்ட் சுத்தமாக இருந்தால் மணலுக்கு நேரம் வந்துவிட்டது.

எந்த மணல்? வீடு கட்டுகிற எம் சாண்ட் வேண்டாம், மலையில் சுலபமாகக் கிடைப்பது அதுதான் என்றாலும் அது பாறையை உடைத்துச் செய்வது, முனை எல்லாம் கூர்மையாக இருக்கும், மீசை தேய்கிறது என்றுதானே கல்லையே எடுக்கிறோம். அதில் இருக்கிற பாறைத் தூளைக் கழுவி மாளாது. கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும். நல்ல ஆற்று மணல் வீட்டு வேலை முடிந்த யாரிடமாவது ஒரு மூட்டை மிச்சம் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மாவு சல்லடையில் சலித்து, அடியில் விழுகிற தூளைத் தள்ளிவிட்டு மேலே நிற்பதைப் பயன்படுத்தலாம், அதையும் வினிகரில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ போகும்போது தண்ணீர் சுத்திகரிப்புச் சாமான் விற்கிற கடையில் ஃபில்டர் மணல் என்று கேளுங்கள், நீச்சல் குளத்து ஃபில்டருக்குப் போடுகிற சிலிக்கா மணல், அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை சலித்தே வரும். மீன் கடையில் சின்னப் பாக்கெட்டாக வாங்குவதை விட எவ்வளவோ மலிவு, என் ஓட்டு இதற்குத்தான். செடிக்கென்று விற்கிற சத்து மண் உங்களுக்கு வேண்டாம், போட்ட முதல் சில வாரம் அதுவே அம்மோனியா விடும், பிஹெச்சையும் இறக்கும், நம் தண்ணீருக்கு அது தேவையே இல்லை.

பக்கத்து ஓடையில் அழகான மணல் கிடக்கிறதே என்று தோன்றும். காப்புக்காட்டுக்குள் இருந்து எடுப்பது குற்றம். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓடுகிற ஓடையில் எடுத்தால் தோட்டத்துக்கு அடித்த மருந்தும் சேர்ந்து வரும். வேண்டாம்.

அளவு: தொட்டித் தரை 90 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். வேர் விடுகிற செடி இல்லையென்றால் 3 செ.மீ. உயரம் போதும், 8 லிட்டர், ஏறத்தாழ 13 கிலோ. செடி நடுவதாக இருந்தால் 5 செ.மீ., 21, 22 கிலோ. கழுவும்போது தூள் போய்விடும் என்பதால் இரண்டு கிலோ கூட வாங்குங்கள். அதற்கு மேல் ஆழமாகப் போட்டால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்துப் போகும். பழைய பங்களா மாதிரி மரத்தரை வீடாக இருந்தால் தொட்டியே தண்ணீரோடு 130, 140 கிலோ வரும், ஸ்டாண்டின் கால்கள் எதன் மேல் நிற்கின்றன என்று ஒரு முறை குனிந்து பாருங்கள்.

கழுவுவதுதான் இதில் பெரிய வேலை. பக்கெட்டில் கால்வாசி மணல், அதில் ஹோஸை அடிவரை நுழைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையால் அடியோடு புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முதலில் டீ நிறத்தில் வழியும், அப்புறம் பால் மாதிரி, கடைசியில் புரட்டினாலும் கை தெரிகிற மாதிரி தெளிவாக வழிந்தால் முடிந்தது. அரைகுறையாகக் கழுவிப் போட்டவர்கள்தான் தொட்டி ஒரு வாரமாகக் கலங்கியே இருக்கிறது என்று எழுதுகிறார்கள். வெயில் வந்த பிறகு வெளியே உட்கார்ந்து செய்யுங்கள், காலை ஏழு மணிக்கு நம் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கை வைத்தால் விரல் உங்களுடையதாக இருக்காது.

போடும்போது தண்ணீரைக் கால்வாசி இறக்கி, பெரிய பாறை, மரக்கட்டை இருந்தால் அவற்றை முதலில் கண்ணாடித் தரையிலேயே நேரடியாக உட்கார வைத்துவிடுங்கள். மணல் மேல் வைத்தால் கோரி அடியில் தோண்டும், ஒரு நாள் பாறை சாயும். ஃபில்டரை நிறுத்திவிடுங்கள், பம்புக்குள் மணல் போனால் உள்ளே சுற்றுகிற பாகம் தேய்ந்துவிடும். ஏர் பம்ப் மட்டும், அதன் குமிழி விடுகிற கல்லை மேலே தூக்கிக் கட்டி, ஓடட்டும். ஈர மணலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, டப்பாவை அப்படியே தரை வரை இறக்கி, அங்கே மெதுவாகச் சாய்த்துக் கொட்டுங்கள். ஒன்றரை இன்ச் பைப் துண்டு இருந்தால் அதைத் தரையில் ஊன்றி மேலிருந்து மணலைப் போட்டுக்கொண்டே நகர்த்தலாம், அதுவும் நன்றாக வரும். மேலே இருந்து கொட்டாதீர்கள். மீன்கள் எதிர் மூலைக்குப் போய் நின்றுகொள்ளும், கோரி மட்டும் கொட்டுகிற இடத்துக்கே வந்து முகர்ந்து பார்க்கும், அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே செய்ய வேண்டியதுதான். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கலங்கல் படியும், ஃபில்டரின் உறிஞ்சு வாயை மணலில் இருந்து நாலு விரற்கடை மேலே தூக்கி வைத்து மறுபடி ஓடவிடுங்கள். ஃபில்டர் அதற்கு மேல் நின்றால் உள்ளே இருக்கிற பாக்டீரியா மூச்சுமுட்டும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மணலில் புதைக்க வேண்டாம், கட்டையில் கட்டுங்கள், தண்டு புதைந்தால் அழுகிவிடும்.

இந்த நிதானமான வழி ஒரே ஒரு நிலைமையில் உதவாது. ஹோஸால் முதல் ஓரத்தை எடுக்கும்போதே கல்லுக்கு அடியில் கறுப்பாக, அழுகிய முட்டை வாடை வந்தால் நிறுத்துங்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, நம் தண்ணீர் மாதிரி பிஹெச் குறைவான தண்ணீரில் அதன் விஷம் இன்னும் கூடுதல். அப்போது மீனை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும். மீன் கடைக்குச் சரக்கு வருகிற தெர்மாகோல் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, தொட்டியின் தெளிந்த மேல் தண்ணீரை அதில் நிரப்பி, மீன், ஃபில்டர், ஹீட்டர் மூன்றையும் அதற்கு மாற்றி ஓடவிட்டு, மூடி போட்டுவிட்டு (டேனியோ எகிறிக் குதிக்கும்), அப்புறம் தொட்டியைக் காலி செய்து ஒரே நாளில் முடிக்கலாம். பிறகு இரண்டு வாரம் தினமும் டெஸ்ட், தீனி பாதி. கடைக்காரர் சொன்ன பாட்டில் பாக்டீரியாவை வேண்டுமானால் ஊற்றுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தூக்கி எறியாதீர்கள்.

தீபாவளி வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பக்கமும் எங்கள் குன்னூர் பக்கமும் வடகிழக்குப் பருவமழையில்தான் வெளுத்து வாங்கும். ஐப்பசியில் குழாயில் செம்மண் கலங்கலாக வரும், அதற்கு குளோரினும் கூடப் போடுவார்கள், எங்காவது மரம் விழுந்து கரண்ட் ஒரு நாள் முழுக்க இருக்காது. பாதிக் கல்லை எடுத்து வைத்த தொட்டியில் ஹீட்டரும் ஃபில்டரும் ஒரு ராத்திரி நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மார்கழி, தையில் உறைபனி. மாசியில் ஆரம்பித்தால் சித்திரைக்குள் மணலோடு தயாராகிவிடும். சொந்தக்காரர்கள் இந்தத் தீபாவளிக்கு நீலக் கல்லையே பார்த்துவிட்டுப் போகட்டும். அதுவரை கோரி மீசைக்கு, வாரா வாரம் கல்லுக்கு இடையில் இருக்கிற அழுக்கை உறிஞ்சுங்கள். மீசை போவது கல்லின் முனையால் மட்டும் இல்லை, அழுக்கில் கிடந்து புண்ணாவதாலும்தான், வேர் மிச்சம் இருந்தால் திரும்ப வளரும்.

எடுத்த கல்லைக் கழுவி பூந்தொட்டியின் அடியில் போடலாம், தொட்டித் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம். ஓடையில் மட்டும் கொட்டாதீர்கள், அதில் நத்தை முட்டையும் செடித் துண்டும் இருக்கும், வெளியூர் மீனும் செடியும் நம் தண்ணீரில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

இப்போதைக்கு அந்த வினிகர் சோதனையை மட்டும் செய்துவிட்டு, இரண்டு பிஹெச் அளவையும் எழுதுங்கள் தம்பி, ஃபில்டர் என்ன வகை என்பதையும். பவளக்கல் எவ்வளவு வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.